குனியாமல் இறக்க ஒரு கல்

சங்கரன்கோவிலிலிருந்து குருவிகுளம் போகும் சாலையில், எங்கள் ஊருக்குப் பிரியும் இடத்தில், ஒரு சுமைதாங்கிக் கல் நின்றது. இரண்டு கால்கள், மேலே படுக்க வைத்த ஒரு பலகைக் கல், அவ்வளவுதான். தலையில் சுமையோடு வருகிறவர்கள் குனியாமல், யாரையும் கூப்பிடாமல், சுமையை அதன்மேல் தள்ளிவிட்டு மூச்சு வாங்கலாம். புறப்படும்போது தலையைக் கொடுத்து இழுத்துக்கொண்டால் போதும், தூக்கிவிட ஆள் வேண்டாம். அந்தக் கல்லுக்கு வேறு வேலை கிடையாது. உயரம்தான் அதற்கு எல்லாம்.

அது என் அம்மாவுக்காக நட்ட கல்.

வயிற்றுப் பிள்ளையோடு ஒருத்தி இறந்துபோனால் அவள் பேருக்குச் சுமைதாங்கி நடுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். இறக்காத சுமையோடு போனவள் அவள். வழிப்போக்கர்கள் சுமையை இறக்கி இளைப்பாறும்போதெல்லாம் அவளுக்கும் கொஞ்சம் இறங்கும் என்பார்கள். அம்மா பருத்திமார், காய்ந்த பருத்திச் செடியின் கட்டு, சுமந்து டவுனில் விறகுக்கு விற்றாள். வயிறு தள்ளிய பிறகும் சுமந்தாள். ஒரு நாள் சந்தையிலிருந்து திரும்பி வந்து, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் படுத்தாள். வண்டி பிடித்துக் கொண்டுவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. அதற்குப் பிறகு நான் பள்ளிக்கூடம் போகவில்லை. ஆடுகளைப் பார்க்க ஆள் இல்லை.

கல் அடிக்கிறவர் வந்து உயரம் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. அப்பா சுவரோடு போய் நின்று தன் நெஞ்சுக்கு நேரே கையை வைத்துக் காட்டினார்.

"இந்த மட்டம். அவ தோள் இங்கனதான் வரும்."

"ஆம்பளைக்குத் தாழ்வா இருக்குமே வே?"

"இருக்கட்டும். இந்த வழியா சுமக்கது பூராவும் பொம்பளையதான். ஆம்பளை கழுத்தைக் கொஞ்சம் சாய்ச்சுக்கிடட்டும்."

பேர் வெட்டவா என்று அவர் கேட்டார். அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. வீட்டுக்குள் போய் அம்மாவின் சும்மாட்டை எடுத்து வந்து கல்மேல் வைத்தார். தலைக்கும் சுமைக்கும் நடுவில் வைக்கிற, பழைய சேலையைச் சுருட்டி வளையமாகக் கட்டிய துணி. கல் அடிக்கிறவர் கரித்துண்டால் அதைச் சுற்றிக் கோடு போட்டு, அந்த வளையத்தையே கல்லில் வெட்டினார்.

இப்போது நான் டவுனில் வீடு வீடாகத் தண்ணீர்க் கேன் போடுகிறவன். அப்பா எங்களோடுதான் இருக்கிறார். முட்டி நன்றாக இருந்தவரை அமாவாசை தவறாமல் பஸ் ஏறிப் போய்க் கல்லைக் கழுவி எண்ணெய் தடவிவிட்டு வருவார். நடை நின்ற பிறகு கேள்வி மட்டும் மிச்சம். குருவிகுளம் பக்கம் நான் கேன் போட்டுவிட்டு வரும் நாளெல்லாம் கேட்பார்.

"கல்லு நிக்கா?"

"நிக்கு."

"ஆளுவ இறக்கி வைக்காவளா?"

"வைக்காவ."

அது முழுப் பொய்யும் இல்லை. பருத்திமார் சுமக்கிற பெண்கள் எப்போதோ போய்விட்டார்கள். மில்லுக்குப் போகிற பெண்கள் மினி பஸ்சுக்குக் காத்திருக்கும்போது சாப்பாட்டுப் பையை அதன்மேல் வைப்பார்கள். ஆடு மேய்க்கிறவர்கள் சாய்ந்து நிற்பார்கள். சில காலையில் காலி பாட்டில்கள் இருக்கும். அதை நான் எடுத்துப் போட்டுவிடுவேன். அப்பாவிடம் சொன்னதில்லை.

ஒரு நாள் அந்த இடத்தில் ஒரு கார் நின்றது. டவுனைச் சேர்ந்தவர்கள் மாதிரி நாலைந்து பேர். ஒருவர் ஃபோனைப் பார்த்துக்கொண்டே கல்லைச் சுற்றி வந்தார். இன்னொருவர் கீழே உட்கார்ந்து, கல்லின் கால் அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை இழுத்து எடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். டப்பாவைத் திறந்து ஒரு சீட்டை வாசித்துவிட்டு, பழையபடி செருகிவைத்துவிட்டுக் கிளம்பிப் போனார்கள். நான் வண்டியைத் தள்ளி நிறுத்திப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டிருக்கலாம். முன்பின் தெரியாதவர்களிடம் பேச்செடுக்க எனக்கு வராது. இந்த வயதிலும் வரவில்லை.

கொஞ்ச நாளில் சாலையை அகலப்படுத்த ஆரம்பித்தார்கள். ஒரு தடவை போனபோது கல் இருந்தது. அடுத்த தடவை போனபோது அந்த இடத்தில் செம்மண்ணும் ஜல்லியும்தான் கிடந்தன. பள்ளத்தில் இறங்கித் தேடிப் பார்த்தேன். ஒடிந்த கால் ஒன்று கிடந்தது. மேல்கல் இல்லை. ரோட்டுக்கு அடியில் போட்டு மூடிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

அன்றைக்கும் அப்பா கேட்டார். நிற்கிறது என்றேன். வேறு என்ன சொல்ல?

மழை முடிந்த பிறகு, பழைய பஞ்சு குடோன் ஒன்றை வெள்ளையடித்து அருங்காட்சியகம் திறந்தார்கள். சின்ன இடம். திருவை, உரல், பழைய படி, நாழி, தராசு, தறி நாடா, ஓட்டைப் பானைகள், சில போட்டோக்கள். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் செயலாளர். வரலாறு படித்த ஒரு பெண்பிள்ளை வாசல் மேசையில் உட்கார்ந்து சீட்டுக் கொடுத்தாள். தண்ணீர்க் கேனுக்கு என்னிடம்தான் சொன்னார்கள்.

முதல் நாள் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு உள்ளே போனேன். கூடத்தின் நடுவில், ஹாலோ பிளாக் கல் இரண்டின்மேல், அம்மாவின் கல் கிடந்தது.

கிடந்தது என்றுதான் சொல்ல வேண்டும். என் முட்டுக்குக் கீழே இருந்தது. சுற்றிலும் சிவப்புக் கயிறு. பக்கத்தில் பலகை. எழுத்துக்கூட்டி வாசித்தேன். பழைய வணிகப் பாதையிலிருந்து மீட்கப்பட்ட சுமைதாங்கி. சில நூற்றாண்டுகள் பழமையானது. வட்டக் குறி வணிகக் குழுவின் முத்திரையாகவோ சூரியச் சின்னமாகவோ இருக்கலாம். தொடாதீர்கள்.

"அண்ணாச்சி, ஏன் சுமந்துக்கிட்டே நிக்கிய? உள்ள மேசைகிட்ட வச்சிருங்க" என்றாள் அந்தப் பிள்ளை.

வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் பிடித்துக்கொண்டாள்.

"நம்ம கல்லுன்னு சொன்னியளா?"

"இல்ல."

"ஏன்?"

"சொல்லணும்."

"எப்ப? அது ரோட்டுல நின்னப்பவும் அங்கனதான் நின்னு பாத்திய. இப்ப உள்ள போயும் நின்னு பாத்துட்டு வந்திருக்கிய. உங்களுக்குப் பேசாம அந்தக் கல்லைத்தான் கட்டிவச்சிருக்கணும். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பேசாது."

அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. அந்த டப்பா விளையாட்டு, அருங்காட்சியகம் திறக்கும் முன்பிருந்தே அதே ஆட்கள் நடத்துவதுதான் என்று அவள் வேலை பார்க்கும் தறிக்கூடத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள். புதையல் தடம் என்று பேர். ஃபோனில் வரைபடம் வரும். அது காட்டுகிற இடத்துக்குப் போய்த் தேடினால் ஒரு டப்பா இருக்கும். டப்பாவில் அந்த இடத்தின் கதையும் ஒரு கேள்வியும் இருக்கும். சரியான விடையைப் போட்டால் அடுத்த இடம் திறக்கும். "மொதல்ல மத்த இடத்தைப் பத்தி என்ன எழுதிருக்காவன்னு பாப்போம். எல்லாமே கதை விட்டிருந்தா பேச லேசா இருக்கும்லா?" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் டிவிஎஸ்ஸில் கிளம்பினோம். அவள் பின்னால் உட்கார்ந்து ஃபோனைப் பார்த்து வழி சொன்னாள். சந்தைப் பக்கம் மாடுகளுக்குத் தண்ணீர் விட்ட கல்தொட்டி ஒன்று இருக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் போகிறேன். அதன் பின்புறம் இருந்த பொந்தில் கையை விட்டு டப்பாவை எடுத்தாள் அவள். சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தாள். பருத்தி ஏற்றின வண்டிகள் வரிசையாக நின்ற காலத்தில், வாசுதேவநல்லூர் பக்கமிருந்து வந்த மாடுகள் எல்லாம் அங்கே தண்ணீர் குடித்ததாக எழுதியிருந்தது. தொட்டியின் விளிம்பில் மாட்டுக் கழுத்து தேய்த்து வழவழப்பான பள்ளங்கள் இருந்தன. எத்தனை வருஷமாகப் பார்த்தும் நான் பார்க்காதவை. அடுத்தது ஒரு குளத்து மடை. அதற்கடுத்து ஓர் எண்ணெய்ச் செக்கு. செக்கின் உள்வாயில் கையை வைத்துப் பார்த்தேன். குளிர்ச்சியாக இருந்தது.

அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் அவர்களுக்கு நான் செய்கிற அநியாயம். யாரும் கதை விட்டிருக்கவில்லை. விசாரித்து, அலைந்து, ஆசையாகத்தான் எழுதியிருந்தார்கள். என் ஊரை எனக்கு முதல்முறை யாரோ சுற்றிக் காட்டுகிற மாதிரி இருந்தது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் வேலையில்லாமல் நாங்கள் இருவரும் சேர்ந்து சுற்றியதும் அன்றுதான்.

கடைசியாக ஃபோன் குருவிகுளம் சாலைக்கு அனுப்பியது. அங்கே போனபோது டப்பா இல்லை. ஃபோனில் மட்டும் ஒரு வரி வந்தது: இந்தச் சின்னம் இப்போது அருங்காட்சியகத்தில் பத்திரமாக உள்ளது.

"பத்திரமாக" என்று மனைவி இன்னொரு முறை வாசித்தாள். பிறகு ஃபோனைப் பைக்குள் போட்டுவிட்டு வண்டியில் ஏறினாள்.

மறுநாள் கேனை இறக்கிவிட்டு, திரும்பிப் போகாமல், மேசை முன்னால் நின்றேன்.

"என்ன அண்ணாச்சி?"

"இந்தக் கல்லு."

"ஆமா?"

"எங்க அம்மைக்கு நட்டது."

அவளுக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. பிறகு எழுந்து நின்றாள். செயலாளருக்கு ஃபோன் போட்டாள். அவர் ஸ்கூட்டரில் வேகமாக வந்து சேர்ந்தார். டீ வாங்கி வரச் சொன்னார். எனக்கு நாற்காலி போட்டார். நான் சொன்னதை எல்லாம் கேட்டார். சும்மாடு என்றதும் தொடையில் தட்டிக்கொண்டார்.

"பாத்தியாம்மா? நாம சூரியன்னு எழுதி வச்சிருக்கோம்! அண்ணாச்சி, நீங்க இவ்வளவு நாளும் தண்ணியைக் கொண்டாந்து போட்டுட்டுப் பேசாம போயிருக்கிய. இது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா?"

அவர் வெட்கப்படுவார் என்று நான் பயந்து வந்திருந்தேன். அவர் சந்தோஷப்பட்டார். அந்தச் சந்தோஷத்துக்கு முன்னால் எனக்கு மேற்கொண்டு என்ன பேசுவதென்று தெரியவில்லை.

"ஜேசிபிக்காரன் இதையும் ஒடைச்சுப் பள்ளத்துல தள்ளப் பாத்தான் அண்ணாச்சி. நான் நேர்ல போய் நின்னு சண்டை போட்டுத்தான் எடுத்துட்டு வந்தேன். காலு ரெண்டும் போயிட்டு. இதாவது தப்பிச்சுது."

அது உண்மைதான். நான் பள்ளத்தில் இறங்கித் தேடியவன். அவர் ஜேசிபிக்கு முன்னால் நின்றவர். கும்பிட்டேன். பிறகு, திரும்ப அந்த இடத்தில் நட முடியுமா என்று கேட்டேன்.

"ரோட்டுல இடம் ஏது? அப்படியே நட்டாலும், இப்ப யாரு அண்ணாச்சி தலைச்சுமை கொண்டு போறா?"

கயிற்றுக்கு அந்தப் பக்கம் கிடந்த கல்லைப் பார்த்தேன்.

"அப்ப உயரத்துலயாவது தூக்கி வைங்க. நெஞ்சு மட்டத்துல நின்ன கல்லு."

"பிள்ளைய ஓடியாடுற இடம். மேல விழுந்துட்டுன்னா நம்ம கழுத்துக்கு வந்துரும். கமிட்டியில வச்சுப் பேசுதேன்."

கமிட்டி பேசியதா, என்ன பேசியது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் சும்மா இருக்கவில்லை. அடுத்த வாரம் நான் வேலையாக வெளியே போயிருந்தபோது, மனைவி தறிக்குப் போயிருந்தபோது, கேமராவும் மைக்குமாக வீட்டுக்கு வந்து அப்பாவைப் பார்த்திருக்கிறார்கள். என் வீட்டு விலாசம் தண்ணீர் ரசீதிலேயே இருக்கிறது. அப்பா கட்டிலில் உட்கார்ந்திருக்க, சட்டையில் மைக் மாட்டிவிட்டு, "ஐயா, நீங்க நட்ட கல்லு இன்னைக்கு மியூசியத்துல இருக்கு. அதை நினைச்சா உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டிருக்கிறார்கள்.

அப்படித்தான் அவருக்குத் தெரிந்தது.

நான் வந்தபோது சோறு மூடினபடி இருந்தது. அப்பா என்னைப் பார்க்கவில்லை.

"கல்லு நிக்குன்னியே" என்றார்.

நான் கதவடியில் நின்றேன்.

"போன வாரமும் நிக்குன்னு சொன்னியேலே. ஆளு இறக்கி வைக்குன்னு சொன்னியே."

"உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு..."

"எனக்கென்னலே கஷ்டம்? சுமந்துக்கிட்டு நிக்கது அவ."

அதன் பிறகு அருங்காட்சியகத்தில் புதுப் பலகை வந்தது. நூற்றாண்டுகளை எடுத்துவிட்டார்கள். அம்மாவின் கதையை எழுதியிருந்தார்கள். அழகாகத்தான் எழுதியிருந்தார்கள். ஒரு சொல் தப்பு கிடையாது. இரண்டு முறை படித்தேன். கல் மட்டும் அதே ஹாலோ பிளாக்மேல் கிடந்தது.

புதையல் தடத்திலும் கல்லை மறுபடி சேர்த்துவிட்டார்கள். இப்போது அதுதான் கடைசி இடம். ஒரு நாள் கேனோடு உள்ளே நுழைந்தபோது ஒரு குடும்பம் கல்லைச் சுற்றி நின்றது. தகப்பன், தாய், இரண்டு பிள்ளைகள். மூத்த பெண் ஃபோனில் கேள்வியைச் சத்தமாக வாசித்தாள்.

"இந்தச் சுமைதாங்கி யாருக்காக நடப்பட்டது? அ, வணிகர். ஆ, போர்வீரர். இ, கர்ப்பிணிப் பெண்."

"போர்வீரர்!" என்றான் சின்னவன்.

"லூசு. பலகையப் படிச்சுப் பாருல."

"ஏய், சண்டை போடாதிய. எங்க போட்டிருக்கு?" என்றான் தகப்பன்.

"இந்தா, வயித்துல பிள்ளையோடன்னு இருக்கு. இ! இ!" பெண் அமுக்கினாள். ஃபோன் கைதட்டுகிற சத்தம் போட்டது. பிள்ளைகள் இரண்டும் குதித்தன. மேசையிலிருந்த பெண் சிரித்துக்கொண்டே ஆளுக்கொரு பரிசு கொடுத்தாள். வளையமாக முறுக்கிய சிவப்புத் துணியில் சாவி மாட்டுகிற கொக்கி. சும்மாடு.

"க்யூட்டா இருக்குல்லா?" என்றாள் அந்தத் தாய், கணவனிடம்.

அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கல்தொட்டியில் என் மனைவி சிரித்தாளே, அதே சிரிப்புதான் அது. அந்தத் தொட்டியில் தண்ணீர் குடித்த மாடுகளை வைத்திருந்தவன் யாராவது அன்றைக்கு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றானோ என்னவோ.

ஆண்டு விழா வைத்தார்கள். அப்பாவை மேடைக்கு அழைக்க வேண்டும் என்று செயலாளரே நேரில் வந்தார். அப்பா வரமாட்டார் என்று நினைத்தேன். வெள்ளை வேட்டியை எடுத்துத் தரச் சொன்னார். ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன்.

கூடத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். இடம் போதாததால் கயிற்றை எடுத்துவிட்டார்கள். விருந்தினர்களுக்குப் போடும் பொன்னாடைகளும், பிளாஸ்டிக் தாள் சுற்றிய கேடயங்களும் வைக்க மேசை பற்றவில்லை. எல்லாவற்றையும் அம்மாவின் கல்மேல் அடுக்கியிருந்தார்கள். அப்பா அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மைக்கைக் கொடுத்து நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். நான் அவர் கையைப் பிடித்திருந்தேன்.

"கல்லைத் தூக்கி வைங்க" என்றார்.

அப்பா மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். செயலாளர் அதை வாங்கிக்கொண்டு, "ஐயா ஒரே வரியில சொல்லிட்டாங்க. இந்த மண்ணோட வரலாற்றை நாம எல்லாரும் சேர்ந்து தூக்கிப் பிடிக்கணும்னு கேட்டுக்கிடுதாங்க" என்றார். எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள்.

செயலாளருக்குப் புரியாமல் இல்லை. என்னைப் பார்த்த பார்வையில் அது தெரிந்தது. மேடையில் அவருக்கும் வேறு வழி இல்லை. எழுந்து, அப்படி இல்லை, எங்கப்பா கேட்டது அது இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. நூறு முகங்கள் திரும்பி இருந்தன. அப்பாவின் தோளிலிருந்து வழுக்கிய பொன்னாடையைச் சரிசெய்தேன்.

திரும்பும்போது ஆட்டோவில் அப்பா கேட்டார்.

"முட்டுக்குக் கீழ கெடக்கு. அதுல யாருலே இறக்குவா? குனிஞ்சு இறக்கணும்னா தரையிலயே இறக்கிரலாமே. கல்லு எதுக்கு?"

"நான் அவியகிட்ட கேட்டேன்ப்பா."

"கேட்டியா. சரி."

அந்தச் "சரி"க்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. கல் நிற்கிறதா என்று கேட்பதையும் விட்டுவிட்டார். அந்தக் கேள்வி இல்லாமல் குருவிகுளம் பக்கம் போய்விட்டு வருகிற நாட்கள் எனக்கு ரொம்ப நீளமாக இருந்தன.

அதற்கடுத்த முறை அருங்காட்சியகத்திலிருந்து ஃபோன் வந்தபோது, அந்தப் பக்கம் இனி வருவதில்லை என்று சொல்லிவிட்டேன். இவ்வளவு நாளில் நான் அவர்களிடம் காட்டிய ஒரே கோபம் அதுதான். ஏன் என்று கேட்பார்கள், அப்போது சொல்லிவிட வேண்டும் என்று மனதுக்குள் வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். அந்தப் பிள்ளை, "பரவால்ல அண்ணாச்சி, வேற ஆள் பாத்துக்கிடுதோம்" என்று வைத்துவிட்டாள். நன்றாகப் பேசுகிற பிள்ளை. அவளுக்கு என் கோபம் தெரியவே இல்லை. தெரிய வேண்டும் என்றால் நான் மற்றவர்கள் கோபப்படுகிற மாதிரி கோபப்பட்டிருக்க வேண்டும்.

இப்போது அங்கே கேன் போடுகிறவர் மேலநீலிதநல்லூர்க்காரர். தண்ணீர் பிடிக்கிற பிளான்டில் பழக்கம். தாராளமாகப் பேசுகிற மனிதர். போன வாரம் வரிசையில் நின்றபோது அவராகவே ஆரம்பித்தார்.

"அண்ணாச்சி, நீங்க விட்ட அந்த மியூசியத்துல ஒரு தொல்லை."

"என்ன?"

"வாசல்ல இருந்து உள்மேசை வரைக்கும் ஒரே தூக்கா தூக்க முடியல எனக்கு. எலும்பு ஒடிஞ்சு தோள்ல ஆணி வச்சிருக்குல்லா. நடுவுல ஒரு கல்லு கெடக்கு பாருங்க, கயிறு கியிறெல்லாம் கட்டி. அதுல கேனை இறக்கி வச்சு மூச்சு வாங்கிட்டுத்தான் போறது."

நான் அவரைப் பார்த்தேன்.

"அந்தப் பிள்ளை சத்தம் போடுது. தொடாதியன்னு போர்டு இருக்கு, கண்ணு தெரியலையாங்குது. ஏம்மா, கல்லுதான், கடிச்சா தின்னுருவேன்னேன். ஆனா ஒண்ணு, எந்த மடையன் அதை இவ்வளவு தாழ வச்சான்னு தெரியல. குனிஞ்சு வச்சு, குனிஞ்சு தூக்கி, இடுப்பு ஒடிஞ்சு போவுது. கொஞ்சம் ஒசரத்துல வச்சிருந்தா எவ்வளவு வசதியா இருக்கும்!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டேன். அது என்ன கல் என்று அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் மரியாதைக்காக அடுத்த நாளிலிருந்து அதில் வைக்க மாட்டார்.

கேன்களை வண்டியில் கட்டிக்கொண்டு வேலையைப் பாதியில் விட்டு வீட்டுக்கு வந்தேன். அப்பா கட்டிலில் சுவர்ப்பக்கம் பார்த்துப் படுத்திருந்தார்.

"அப்பா, கல்லுல ஒருத்தர் இறக்கி வைக்காராம்."

அவர் திரும்பினார். நான் பொய் சொல்கிறேனா என்று என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். இந்த முறை பொய் இல்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

"என்ன சுமை?"

"தண்ணிக் கேன். தோள்ல கொண்டு போறவரு. மூச்சு வாங்க அதுலதான் வைக்காராம்."

கையை ஊன்றிப் பாதி எழுந்து உட்கார்ந்தார். கண்ணில் ஏதோ வந்தது. பிறகு அது நின்றுவிட்டது.

"குனிஞ்சா வைக்கான்?"

"ஆமா."

அப்பா கொஞ்ச நேரம் தன் கையைப் பார்த்தார். நெஞ்சுக்கு நேரே வைத்து உயரம் காட்டிய அதே கை. பிறகு பழையபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"குனிஞ்சு வச்சதைக் குனிஞ்சுதானலே தூக்கணும்" என்றார்.